கூட்டு இணைப்பில் விலேன் 20 மட்டும் கடக்கவில்லை: உதவி தேவை

வணக்கம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்கூடத்தின் வலையமைப்பைப் பார்த்துக்கொள்கிறேன். அலுவலகத்திலும் கிடங்கிலும் உள்ள, வெவ்வேறு தயாரிப்பைச் சேர்ந்த இரு சுவிட்சுகளின் 23, 24 ஆகிய போர்ட்டுகளை எல்ஏசிபி முறையில் (பல கம்பிகளை ஒன்றாகப் பயன்படுத்த இரு சுவிட்சுகளும் தமக்குள் பேசி ஒத்துக்கொள்ளும் நெறிமுறை) ஒரே கூட்டு இணைப்பாகச் சேர்த்தேன். முதலில் இருபுறமும் ‘பாஸிவ்’ (மறுபுறம் பேச்சைத் தொடங்கக் காத்திருக்கும் நிலை) என்றிருந்ததால் இணைப்பு உருவாகவில்லை. ஒரு புறத்தை ‘ஆக்டிவ்’ (தானே பேச்சைத் தொடங்கும் நிலை) ஆக்கியதும் உருவானது. (இதைக் கண்டுபிடிக்கவே, தகரக் கூரைக்கடியில், வேலூர் வெயிலில் ஒரு பகல் போயிற்று.)

இப்போது விலேன்களில் (ஒரே சுவிட்சுகளில் தனித்தனியாகப் பிரித்த மெய்நிகர் வலையமைப்புகள்) அலுவலகக் கணினிகளுக்கான விலேன் 10 கடக்கிறது. கேமராக்களுக்கான விலேன் 20 மறுபுறம் சேரவில்லை. போர்ட்டுகளைச் சேர்ப்பதற்கு முன்பே ஒவ்வொன்றிலும் விலேன் 20-ஐ டேக் செய்து (தரவில் விலேன் எண்ணைக் குறித்து) அனுமதித்திருந்தேன்; அந்த அமைப்பு கூட்டு இணைப்புக்குத் தானாக வருமா, அல்லது அதன்மீதே மறுபடி கொடுக்க வேண்டுமா? விலேன் 10 டேக் இன்றி, நேட்டிவாகத்தான் (டேக் இல்லாத தரவுக்கென ஒதுக்கிய விலேனாக) கடக்கிறதோ என்ற ஐயமும் உண்டு. கிடங்கின் இணைப்பைத் துண்டிக்காமல் இதைச் சோதிக்கும் வழி அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.