ஆற்றில் வெள்ளம் வந்தால் கிராஃபிஷ் விலை ஏறுமா, இறங்குமா?

ஹூஸ்டன் குமரன்:
சனிக்கிழமை வழக்கமான கடையில் உயிர் கிராஃபிஷ் (நன்னீரில் வாழும் சிறு சிங்கி இறால்) ஒரு சாக்கு கேட்டேன். சொன்ன விலையில் தலை சுற்றியது. "லூசியானாவில் ஆறு பெருகிக் கிடக்கிறது, சரக்கு வரவில்லை" என்றார் கடைக்காரர். நியாயமாகத்தான் படுகிறது. கூண்டு வைக்கிற இடமே மூழ்கினால் எப்படிப் பிடிப்பார்கள்? புனித வெள்ளிக்கு இருபது பேரைக் கூப்பிட்டிருக்கிறேன். காத்திருக்கலாமா, இறாலுக்கு மாறிவிடலாமா?

ஆற்றோரத்தான்:
கடைக்காரர் சொன்னதில் பாதிதான் உண்மை. நான் பதினோரு வருடமாக லூசியானாவில் லஃபாயெட்டில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் அச்சாஃபலாயா ஆற்றின் சதுப்புக் காட்டில் கூண்டு வைப்பவர். ஆறு ஏறாத ஆண்டில்தான் அவர் முகம் தொங்கிப் போயிருக்கும்.

கோடையில் தண்ணீர் வடியும்போது கிராஃபிஷ் ஈர மண்ணில் வளை தோண்டி இறங்கிவிடும். முட்டையிடுவது, குஞ்சு பொரிப்பது எல்லாம் உள்ளேதான். நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பது நம் ஊர் நண்டுக்கு. இது எவ்வளவு கொழுத்தாலும் தண்ணீர் வந்து வளைவாயை நனைக்காமல் வெளியே தலை காட்டாது. குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் ஆறு காட்டுக்குள் ஏறிப் பரவினால், நனைந்து ஊறும் இலைதழையையும் அதில் பெருகும் சிற்றுயிர்களையும் தின்று குஞ்சுகள் மளமளவென வளரும். ஆறு ஏறவில்லை என்றால் வளரவும் இடமில்லை, படகு போகவும் தண்ணீரில்லை.

ஏறுகிற வாரத்தில் பிடிப்பு குறைவது உண்மை. காடு முழுக்கத் தண்ணீர் பரவும்போது அவையும் சிதறிப் போகும். இறங்கத் தொடங்கட்டும், அப்போது பாருங்கள்.

வயல்வரப்பு:
ஆற்றோரத்தாரே, நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் குமரன் வாங்கும் சாக்கு காட்டிலிருந்து வருகிறது என்று யார் சொன்னது? அமெரிக்காவில் உற்பத்தியாகும் கிராஃபிஷில் பத்தில் ஒன்பது பங்கு லூசியானாவுடையது. அதில் பெரும்பகுதி இப்போது நெல்வயலில் வளர்வது.

நான் க்ரௌலிப் பக்கம் ஒரு பண்ணையில் கணக்கு எழுதுகிறேன். மே, ஜூனில் நெல் நிற்கிற தண்ணீரிலேயே வளர்ந்த கிராஃபிஷை விடுவோம். அறுப்புக்காக வயலை வடிக்கும்போது அவை வரப்பில் வளை தோண்டிக்கொள்ளும். அக்டோபரில் மோட்டார் போட்டு மறுபடி தண்ணீர் கட்டுவோம். அறுத்த தாளும் மறுதாம்பும் அழுகி அவற்றுக்குத் தீனியாகும். இதில் ஆறு எங்கே வந்தது?

விலை உண்மையிலேயே எகிறிய ஆண்டு 2024. அதற்குக் காரணம் 2023 கோடையின் வறட்சியும் வெயிலும். அந்த ஆண்டு ஒரு வரப்பை மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தோம். முழங்கை ஆழத்தில் வளை, அதற்குள் ஓடு மட்டும். தொட்டதும் நொறுங்கியது. 2024 மார்ச்சில் ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி கிராஃபிஷுக்காகவே பேரிடர் அறிவிப்பு வெளியிட்டார். அப்போது வெள்ளத்தின் மேல் பழி போட எந்தக் கடைக்காரராலும் முடியவில்லை.

ஆற்றோரத்தான்:
அப்படியானால் என் கட்சிக்குத்தானே வந்திருக்கிறீர்கள்? தண்ணீர் இல்லாமல்தானே கெட்டது!

வயல்வரப்பு:
அவசரப்படாதீர்கள். தண்ணீர் வேண்டும் என்பது வேறு, வெள்ளம் வேண்டும் என்பது வேறு. 2016 ஆகஸ்டில் கொட்டிய மழையில் எங்கள் பக்கம் நெல்வயல்கள் மூழ்கின. வரப்பு தெரியாத வயலில் எது யாருடைய கிராஃபிஷ்? வெயில் காலத்துத் தண்ணீரில் தாள் அழுகினால் பிராணவாயு போய்விடும். நாங்கள் அக்டோபர் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது அதற்காகத்தான். தேதி பார்த்து வருகிற தண்ணீருக்குத்தான் நான் கும்பிடு போடுவேன்.

தேன்மொழி:
நடுவில் நுழைவதற்கு மன்னியுங்கள். 2011இல் பேட்டன் ரூஜில் படித்துக்கொண்டிருந்தேன். மே 14 அன்று, மிசிசிப்பி வெள்ளத்தைத் திருப்பிவிடும் மோர்கன்சா கலிங்கைத் திறந்தார்கள். 1973க்குப் பிறகு அதுதான் முதல் முறை. 125 மதகுகளில் 17 மட்டுமே திறந்தும், மிசிசிப்பி நீர் அச்சாஃபலாயா பக்கம் பாய்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து வாயடைத்துப் போனோம். பேட்டன் ரூஜும் நியூ ஆர்லியன்ஸும் தப்பிக்க, சதுப்புக்காரர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். ஆற்றோரத்தான் அண்ணா, அதுவும் வரம்தானா?

ஆற்றோரத்தான்:
இல்லை தங்கையே. அதை வரம் என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் என் வீட்டுப் பக்கமே வரமாட்டார்.

2019இல் நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஆண்டு பேட்டன் ரூஜில் ஆறு 200 நாட்களுக்கு மேல் வெள்ள மட்டத்துக்குக் கீழே இறங்கவில்லை. ஜூன் மாதம் ஒருநாள் அவரோடு படகில் போனேன். காட்டுக்குள் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் அசையாமல் கிடந்தது. இவர்கள் கறுப்புத் தண்ணீர் என்பார்கள். இலைகள் அழுகி, பிராணவாயு செத்த தண்ணீர். கூண்டின் தலைப்பகுதி நீருக்கு மேலே நிற்கும்படி சைப்ரஸ் மரத்தோடு கட்டுவார்கள். மூச்சுத் திணறினால் கிராஃபிஷ் மேலேறிக் காற்றைத் தொட்டுக்கொள்ளும். இரவில் ஆறு ஒரு சாண் ஏறியிருந்தது. கூண்டு முழுகிவிட்டது. தூக்கினார். கம்பி வலையின் உச்சியில் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு அத்தனையும் செத்துக் கிடந்தன. அவர் எதுவும் பேசவில்லை. கூண்டைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் படகை விட்டார்.

ஆனால் அதற்கு வெள்ளத்தை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். எண்ணெய்க் கம்பெனிகள் கால்வாய் வெட்டிக் குவித்த மண்மேடுகள் காடெங்கும் குறுக்கே கிடக்கின்றன. வந்த தண்ணீர் ஓட வழியில்லாமல் தேங்கித்தான் கறுப்பாகிறது. ஓடுகிற வெள்ளம் வேறு, கிடக்கிற வெள்ளம் வேறு.

வயல்வரப்பு:
இப்போதுதான் பேச்சு வழிக்கு வருகிறது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆறே அளந்து விடப்படுவதுதான். 1963 முதல் ஓல்ட் ரிவர் மதகுகளில் ராணுவப் பொறியாளர்கள் மிசிசிப்பி, ரெட் ஆறுகளின் நீரில் 30 விழுக்காட்டை அச்சாஃபலாயாவுக்கும் மீதியை மிசிசிப்பிக்கும் பிரிக்கிறார்கள். நீங்கள் இயற்கையின் கொடை என்பது ஒரு கணக்குப் புத்தகம். நாங்கள் மோட்டார் போடுகிறோம், அவர்கள் மதகு திறக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்!

ஆற்றோரத்தான்:
மதகுக்காரர் சதவீதத்தை மாற்றுவதில்லை. மேலே எவ்வளவு மழை, எவ்வளவு பனி உருகியது என்பதைப் பொறுத்துத்தான் அந்த 30க்குள் எவ்வளவு தண்ணீர் என்பது. மோட்டார் பொத்தானும் இதுவும் ஒன்றா? அதோடு ஆற்று நீர் மணலையும் வண்டலையும் கொண்டுவந்து சதுப்பை மேடாக்குகிறது. புதிதாக வாய்க்கால் வெட்டி ஆற்று நீரை உள்ளே விட்டால் சதுப்பு இன்னும் தூர்ந்துவிடும் என்று எதிர்ப்பவர்களே கூண்டுக்காரர்கள்தான். நாங்கள் ஒன்றும் வெள்ளத்துக்குப் பூசை போடுகிறவர்கள் இல்லை.

ஹூஸ்டன் குமரன்:
ஐயா, இருவரும் சேர்ந்து என்னை வெள்ளத்தில் விட்டுவிட்டீர்கள். எனக்கு வேண்டியது ஒரு சாக்கு கிராஃபிஷ். விலை இறங்குமா, இறங்காதா?

வயல்வரப்பு:
புனித வெள்ளிக்கு முன்னால் இறங்காது. தவக்காலத்தில் இறைச்சியை விலக்குகிற வெள்ளிக்கிழமைகளில் எல்லோருக்கும் இதுதான் வேண்டும். ஆறு ஏறினாலும் இறங்கினாலும் அந்த வாரம் வியாபாரி விடமாட்டார். உங்கள் கடைக்காரர் ஆற்றைச் சொன்னார், நாள்காட்டியைச் சொல்லவில்லை. விருந்தை ஈஸ்டர் கழிந்து இரண்டு வாரம் தள்ளிவையுங்கள்.

ஆற்றோரத்தான்:
இதில் மட்டும் வயல்வரப்போடு ஒத்துப்போகிறேன். அச்சாஃபலாயாவின் பியூட் லா ரோஸ் நீர்மட்ட அளவுகோலில் நேற்றிலிருந்து ஆறு இறங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர் நாளை கூண்டுகளை ஆழமான பக்கம் மாற்றப் போகிறார். அவரிடம் ஒரு சாக்கு சொல்லி வைக்கட்டுமா?

வயல்வரப்பு:
பண்ணை விலையையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், குமரன். எங்களுடையது சேறு இல்லாமல் வரும்.

ஆற்றோரத்தான்:
ருசியும் இல்லாமல் வரும்.