எங்கள் எம்.எல்.ஏ. எதைக் கேட்டாலும் ஒட்டாவாவை (கனடா மத்திய அரசை) கை காட்டுகிறார். தொகுதிக் கூட்டத்தில் என்ன கேட்கலாம்?

பனிப்பாண்டி:
கனடாவின் வடமேற்குப் பிரதேசத் தலைநகர் எல்லோநைஃபுக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. மளிகைக் கடையில் சரக்கு இறக்கும் வேலை. போன ஞாயிறு எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. வீட்டுக்கே வந்தார். வெளியே மைனஸ் 26. வாசலில் குனிந்து பூட்ஸைக் கழற்றிவிட்டு, சாக்ஸ் ஓட்டையில் கட்டைவிரல் எட்டிப் பார்க்க, அடுக்களையில் வந்து உட்கார்ந்தார். மனுஷர் நல்லவர்தான்.

வைர வியாபாரம் படுத்துவிட்டது, ஒட்டாவா தரும் பணம் போதவில்லை, பள்ளிகளில் உதவியாளர்களைக் குறைக்க வேண்டியதாகிவிட்டது என்று அரை மணி நேரம் குறைகளை அடுக்கினார். எல்லாம் அவருடைய குறைகள். நான் என் குறையைச் சொன்னால் மட்டும் "அது மத்திய அரசு கையில் இருக்கிறது" என்கிறார்.

என் குறை இதுதான். என் மனைவிக்கு முட்டி வலி. ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க தெற்கே இருக்கும் எட்மன்டன் நகருக்கு அனுப்பினார்கள். விமானம் ஏறிப் போய் இறங்கிய பிறகுதான் அப்பாயின்ட்மென்ட் தள்ளிப்போனதாக அந்த க்ளினிக்கிலிருந்து போன் வந்தது. ஓட்டல் அறையில் இரண்டு ராத்திரி முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, டாக்டரைப் பார்க்காமலே திரும்பி வந்தாள். டிக்கெட், அறை எல்லாம் அரசு செலவு. இதற்கும் ஒட்டாவாவா?

வியாழக்கிழமை கூட்டம். ஆளுக்கு ஒரு கேள்விதான். என்ன கேட்கட்டும்?

கல்லுடைப்பான்:
தம்பி, வைர விஷயத்தில் அவர் புளுகவில்லை. நான் டயாவிக் வைரச் சுரங்கத்தில் இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் வீடு என்று ஓடிக்கொண்டிருந்தவன். நாங்கள் தோண்டிய கல்லில் பெரும்பகுதி சூரத்துக்குப் போய்த்தான் பட்டை தீட்டப்பட்டது. அங்கிருந்து பெரிய வாடிக்கை அமெரிக்கா. இந்தியச் சரக்குக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டதும் அந்தச் சங்கிலி முழுக்க ஆட்டம் கண்டுவிட்டது. அதற்கு முன்பே ஆய்வகத்தில் வளர்க்கும் வைரம் விலையை இறக்கியிருந்தது. 1998இல் தொடங்கிய எகாட்டி வைரச் சுரங்கத்தில் அந்த ஜூலையிலேயே ஒரு திறந்தவெளிக் குழியை நிறுத்தி ஆட்களை அனுப்பிவிட்டார்கள். எங்கள் சுரங்கம் 2003 முதல் ஓடியது. 2026 தொடக்கத்தோடு சரி. கேன்டீனில் முன்பெல்லாம் தட்டை வைத்துக்கொண்டு இடம் தேடுவோம். கடைசியில் மேசைக்கு ஒருவராக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

வாஷிங்டனும் டெல்லியும் வரிச் சண்டை போட்டால் உன் எம்.எல்.ஏ. என்ன செய்வார்? அதைக் கேட்டு உன் ஒரு கேள்வியை வீணாக்காதே.

வன்னியன், ஸ்காபரோ:
இந்த 'ஒட்டாவா' பேச்சில் பாதி உண்மை உண்டு தம்பி. ஒன்டாரியோ மாதிரி மாகாணங்களுக்கு அதிகாரம் அரசியல் சாசனத்தில் இருந்தே வருகிறது. வடமேற்குப் பிரதேசம் மாகாணம் இல்லை. நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டுக் கொடுத்த அதிகாரம்தான். எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற உச்சவரம்பைக்கூட ஒட்டாவாதான் வைக்கிறது. நிலம், நீர், கனிமப் பொறுப்பு பிரதேச அரசின் கைக்கு வந்ததே 2014 ஏப்ரலில்தான். அப்போதும் சுரங்கங்கள் கட்டும் ராயல்டியில் பாதிதான் பிரதேசத்துக்கு மிஞ்சும், அதற்கும் ஒரு வரம்பு.

பட்ஜெட்டில் பாதிக்கு மேல் மத்திய மானியம். அதன் கணக்கு ஒரு மாதிரியான கணக்கு. பிரதேசத்தின் செலவுக்கு என்று ஒரு தொகை போட்டு, அதிலிருந்து பிரதேசத்தின் சொந்த வரி திரட்டும் திறனில் 70 சதவீதத்தைக் கழித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். அந்தத் தொகையைப் போடுவதில் ஆள்தொகையும் சேர்த்தி. சுரங்கம் மூடிச் சனம் தெற்கே போனால் மானியம் வளர்வதும் மந்தமாகும். அவர் புலம்புவதில் நியாயம் இருக்கு.

ரெஜினா அக்கா:
நான் இங்கே வந்தபோது மக்கென்ஸி ஆற்றின் மேல் பாலமே கிடையாது. 2012இல்தான் கட்டினார்கள். அதுவரை ஆறு உறையும்போதும் உருகும்போதும் லாரி வராது. தக்காளியும் விமானத்தில்தான் வரும். பாண்டி இறக்குகிற லாரியெல்லாம் அந்தப் பாலம் தாண்டி வருவதுதான்.

வன்னியன் சொன்னது சரி. ஆனால் அதை உங்கள் எம்.எல்.ஏ. போர்வையாக இழுத்து மூடிக்கொள்ள விடாதீர்கள். இங்கே கட்சியே கிடையாது. 19 பேரும் சுயேச்சை. அவர்களே ரகசிய வாக்கெடுப்பில் முதல்வரையும் ஆறு அமைச்சர்களையும் தேர்ந்தெடுக்கிறார்கள். சபாநாயகரைத் தள்ளினால் அமைச்சராகாதவர்கள் 11 பேர். அமைச்சரவையைவிட இவர்கள்தான் அதிகம்! சேர்ந்து நின்றால் பட்ஜெட்டையே மாற்ற வைக்கலாம். உங்களுடையவர் அந்த 11இல் ஒருவரா என்று பாருங்கள்.

உங்கள் மனைவியின் பயண விதிகளை எழுதியது ஒட்டாவா இல்லை, இங்குள்ள அரசு. அதனால் சின்னதாகக் கேளுங்கள்: "டிக்கெட் போடுவதற்கு முன்னும், ஆள் கிளம்பும் அன்று காலையிலும் அந்த க்ளினிக்கைக் கூப்பிட்டு உறுதி செய்வது யார் வேலை?" இதற்கு வைரமும் வேண்டாம், வரியும் வேண்டாம். ஒரு போன் போதும்.

பனிப்பாண்டி:
ரெஜினா அக்கா, நீங்கள் சொன்னபடியே கேட்டேன். "ஒட்டாவா..." என்று வாயெடுத்தார். பின்வரிசையில் இருந்த டெனே பழங்குடிப் பாட்டி ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். அவருக்கும் இதே மாதிரி ஒரு பயணம் வீணாகியிருக்கிறதாம். அப்புறம் இன்னும் மூன்று பேர் கை தூக்கினார்கள். எம்.எல்.ஏ. பேச்சை நிறுத்திவிட்டு நோட்டை எடுத்து நாலு பேர் தேதியையும் குறித்துக்கொண்டார். (அவர் அந்த 11இல் ஒருவர்தான்.) பிப்ரவரி பட்ஜெட் கூட்டத்தொடரில் சுகாதார அமைச்சரிடம் கேட்கிறாராம்.

என் மனைவிக்கு அடுத்த தேதி ஜனவரி 14. இந்த முறை க்ளினிக்குக்கு நானே போன் போட்டுவிடுகிறேன்.