பொருள்: ‘ஃபயர் ரிஸ்க் அசெஸ்மென்ட்’ – சோதனையா, அபாயமா, இடரா?

அன்புடையீர்,

ஒரு கட்டடத்தில் தீப்பிடிக்கும் வாய்ப்பையும் அதனால் மனிதருக்கு நேரக்கூடியதையும் ஆராய்வதைக் குறிக்கும் ‘ஃபயர் ரிஸ்க் அசெஸ்மென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இதுவரை நம்மிடையே வந்துள்ள பரிந்துரைகள் மூன்று: தீப் பாதுகாப்புச் சோதனை, தீ அபாய மதிப்பீடு, தீ இடர்நேர்வு மதிப்பீடு. லண்டனில் கீழே கடையும் மேலே குடியிருப்புமாக உள்ள கட்டடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கென ஓர் அறிவிப்பைத் தமிழில் எழுதும் பொறுப்பை ஏற்றிருப்பதால், அந்தக் கட்டடங்களை மனத்தில் வைத்தே மூன்றையும் எடைபோட்டேன்.

‘சோதனை’ பொருந்தாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட வகைக் கட்டடங்களுக்குத் தீயணைப்பு அதிகார அமைப்பே சான்றிதழ் வழங்கிவந்தது. அந்த ஏற்பாட்டைச் சோதனை என்றிருந்தால் குற்றமில்லை. 2005ஆம் ஆண்டின் தீப் பாதுகாப்பு ஆணை 2006 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது அச்சான்றிதழ் முறை ஒழிந்தது; தீப்பிடித்தால் யாருக்கு என்ன நேரும் என்று ஆராய்ந்து, ‘பொருத்தமானதும் போதியதுமான’ மதிப்பீட்டைச் செய்துவைக்கும் கடமை கட்டடத்தைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவரிடமே சேர்ந்தது. சோதனையில் தேறினோம், முடிந்தது என்று ஒரு கடைக்காரர் நினைத்துவிடுவார். ஆணையோ, கட்டடத்திலோ அதன் பயன்பாட்டிலோ முக்கியமான மாற்றம் நேர்ந்தால் மதிப்பீட்டை மறுபடி பார்க்கச் சொல்கிறது.

உண்மையான சிக்கல் நடுச்சொல்லில்தான் இருக்கிறது. கீழ்க்கடையில் வடையும் சமோசாவும் பொரிக்கும் எண்ணெய்க் கொப்பரை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். மாலையில் கடையைப் பூட்டிவிட்டு எல்லோரும் வீடு திரும்பும் மாடியில்லாத கட்டடத்திலும், ஒரே படிக்கட்டை நம்பி மேலே இரண்டு குடும்பங்கள் உறங்கும் கட்டடத்திலும் அந்தக் கொப்பரை ஒன்றேதான். ஆனால் தீப்பிடித்தால் விளையக்கூடிய கேடு ஒன்றல்ல. கொப்பரையை ஆங்கிலம் ‘ஹசார்டு’ என்றும், அதனால் விளையக்கூடிய கேட்டை ‘ரிஸ்க்’ என்றும் பிரிக்கிறது. தீ பற்றும் வாய்ப்பையும், பற்றினால் மனிதருக்கு நேரும் விளைவையும் சேர்த்துப் பார்ப்பதே ரிஸ்க். நம் வழக்கில் ‘அபாயம்’ இரண்டையும் விழுங்கிவிடுகிறது: மின்கம்பத்துப் பலகையிலும் அபாயம், பரஸ்பர நிதி விளம்பரத்திலும் சந்தை அபாயம். மதிப்பீட்டின் முதற்படியே இவ்விரண்டையும் பிரித்தறிவதுதான் என்னும்போது, இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் அந்த ஆவணத்தைத் தமிழில் எழுதவே முடியாது.

‘இடர்நேர்வு’ எனக்கும் பிடித்த சொல்தான். இலங்கை மத்திய வங்கியின் தமிழ் வெளியீடுகள் இதை நெடுங்காலமாக ஆண்டு வருகின்றன. ஈழத்து வாசகருக்கு இது புதிதன்று. ஆனால் தமிழ்நாட்டு அலுவலகத் தமிழில் ‘நேர்வு’ என்றால் நடந்துவிட்ட ஒன்று அல்லது குறிப்பிட்ட ஒரு நிலைமை. ‘இந்நேர்வில்’ என்று அரசாணைகள் எழுதுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த வாசகர் ‘தீ இடர்நேர்வு மதிப்பீடு’ என்பதைப் படித்தால், எரிந்துபோன கட்டடத்தின் சேதத்தை அளக்க யாரோ வருகிறார்கள் என்றே கொள்வார். லண்டன் அறிவிப்பை இரு நாட்டாரும் படிக்கப்போகிறார்கள்.

ஆகவே ‘தீயிடர் மதிப்பீடு’ என்பதே என் பரிந்துரை. பழைய வழக்கில் இடர் என்பது வந்துற்ற துன்பத்தையே குறிக்கும், வரக்கூடியதை அன்று என்ற மறுப்பு சரியானதே. ஆயினும் ‘இடர் மேலாண்மை’ போன்ற தொடர்களில் அதன் பொருள் ஏற்கெனவே நகர்ந்துவிட்டது, அதைப் பின்னுக்கு இழுப்பது நம்மால் ஆகாது. ஹசார்டுக்குத் ‘தீக்காரணி’ என்று தனிச்சொல் வைத்துவிட்டால் குழப்பம் வராது. ‘தீ’ என்ற முன்னொட்டு தீவினை, தீநட்பு போலக் கெட்டது என்ற பொருளைத் தருமே என்று கேட்கலாம். தீக்காயத்தை யாரும் கெட்ட காயம் என்று படிப்பதில்லை. ‘மதிப்பீடு’ கட்டடத் தொழிலில் செலவுக் கணக்கையும் சொத்து விலையையும் குறிப்பதால், ‘கட்டடத் தீயிடர் மதிப்பீடு’ என்று நீட்டாமல் இருப்பதே நல்லது.

‘காமன் பார்ட்ஸ்’ என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் எனக்கு விடை கிடைக்கவில்லை. படிக்கட்டு, நடைவழி ஆகியவற்றைப் ‘பொதுப் பகுதி’ என்று எழுதினால் தெருவில் போகிறவரும் நுழையலாம் என்ற பொருள் வருகிறது. ‘பகிர்வுப் பகுதி’ தேவலாம். ஆனால் 72 பேர் இறந்த 2017ஆம் ஆண்டு லண்டன் கிரென்ஃபெல் கோபுர அடுக்குமாடிக் குடியிருப்புத் தீக்குப்பின் வந்த 2021ஆம் ஆண்டுத் தீப் பாதுகாப்புச் சட்டம், இரண்டோ அதற்கு மேலோ வீடுகள் உள்ள கட்டடங்களில் வெளிச்சுவரும், வீட்டுக்கும் படிக்கட்டுக்கும் இடையிலுள்ள கதவும் மதிப்பீட்டுக்குள் அடங்கும் என்று தெளிவாக்கியது. அந்தக் கதவைத் திறந்து மூடுவது ஒரு குடும்பம் மட்டுமே. புகையைத் தடுத்து நிறுத்தினால் காப்பாற்றப்படுவதோ படிக்கட்டை நம்பியிருக்கும் எல்லோரும். ‘பகிர்வு’ என்ற சொல் இக்கதவுக்குப் பொருந்துமா, அல்லது ‘வீட்டு நுழைவுக் கதவு’ என்று தனியே குறிப்பிட்டுவிடுவதுதான் முறையா? அறிவிப்பு அச்சுக்குப் போகுமுன் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.