உறைபனிக் காலத்தில் தேனீக்களுக்குப் பூ வைத்திருத்தல்: உதகையிலிருந்து ஓர் அனுபவம்

குளிர்காலத்தில் தோட்டச் செடிகளைக் காப்பது பற்றிக் குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் யோசனைகளில் பாதி நம் மலைக்குப் பொருந்துவதில்லை. அங்கே மாதக்கணக்கில் பகலும் குளிர்ந்தே கிடக்கும். தேனீக்களும் பெரும்பாலும் கூட்டை விட்டு வெளியே வருவதில்லை. அதனால் செடி உயிரோடு இருந்தால் போதுமென்று மூடிவிட்டு வசந்தம் வரை காத்திருக்கலாம். உதகைப் பக்கத்தில் நவம்பரில் நீர்ப்பனியாகத் தொடங்குவது டிசம்பர், ஜனவரியில் உறைபனியாகி, இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொட்டாலும், மறுநாள் நண்பகலில் 20 டிகிரியை ஒட்டி நல்ல வெயில் அடிக்கிறது. அந்த வெயிலில் நம் அடுக்குத் தேனீக்கள் இரை தேடிப் புறப்படுகின்றன. புறப்பட்டு வரும் அந்த நேரத்தில் தோட்டத்தில் திறந்த பூ இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் இவ்வளவும் செய்கிறேன்.

எங்கள் வீடு தலைகுந்தா பக்கத்தில், சரிவின் அடியில் இருக்கிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வேகமாக இழக்க, குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதனால் ஒரே தோட்டத்தில் மேல்பாத்தி பச்சையாக இருக்கக் கீழ்ப்பாத்தி வெளுத்துக் கிடப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். சால்வியாவும் ஃபுக்சியாவும் இந்தப் பனியைத் தாங்குவதில்லை. உறைபனி விழுந்த காலையில் சால்வியா இலையின் ஓரமெங்கும் வெள்ளைப் படிகங்கள் நிற்கும். வெயில் பட்டு அவை உருகியதும் இலை வேகவைத்த கீரையைப் போல நீர்கோத்துத் துவண்டு, இரண்டொரு நாளில் கருகிவிடும். ஆகவே இவ்விரண்டையும் மேல்பாத்திக்கும், கூரையின் நீட்சி மறைக்கும் சுவரோரத்துக்கும் மாற்றிவிட்டேன். இடத்தைத் தேர்வதே பாதிக் காப்பு என்பது என் உறுதியான கருத்து.

1848ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட உதகை அரசு தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளின் மேல் மிலார்களை, அதாவது வெட்டிய புதர்ச்செடிக் கிளைகளை, பரப்பிப் பனியிலிருந்து காப்பதை நம்மில் பலர் பார்த்திருப்பார்கள். வீட்டுத் தோட்டத்துக்கும் அது நல்ல வழி. மிலார் கிடைக்காதபோது நான் செடியைச் சுற்றிக் குச்சிகளை ஊன்றிப் பழைய வேட்டியையோ சாக்கையோ போடுகிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், நெடுங்காலம் மலைக்காய்கறி விவசாயம் செய்தவர், ஒருநாள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "துணிய மண்ணு வரைக்கும் எறக்கிக் கட்டுங்க தம்பி, செடியக் காப்பாத்துறது மண்ணுல இருக்குற சூடுதான்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. பகலில் மண் வாங்கி வைத்த வெப்பம் இரவில் மேலெழும்போது துணிக்குள் தங்குகிறது. செடியின் தலையை மட்டும் மூடிப் பக்கவாட்டைத் திறந்து விட்டால் அந்த வெப்பம் நழுவிவிடும். காய்ந்த மண்ணைவிட ஈரமண் கூடுதல் வெப்பத்தைத் தேக்கி வைக்கும் என்பதால், பனி விழும் என்று தோன்றும் நாளில் முற்பகலிலேயே பாத்திக்குத் தண்ணீர் விட்டுவிடுவேன். பிளாஸ்டிக் தாளைப் போடுவதாக இருந்தால் அது இலையைத் தொடக் கூடாது. தொடும் இடமெல்லாம் கருகும்.

மூடுவதைப் போலவே திறப்பதும் முக்கியம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வெயில் சாய்வதற்குள் போட்ட துணியைக் காலையில் பனி உருகி இலை காய்ந்ததும் எடுத்துவிட வேண்டும். சோம்பலில் நண்பகல் வரை விட்டால் செடி பிழைக்கும், ஆனால் தேனீக்கு அந்தப் பூ இல்லாததற்குச் சமம். கடந்த ஜனவரியில் ஒரு காலை நான் துணியை விலக்கியபோது, முந்தைய மாலை வீடு திரும்பாமல் பூவிலேயே தங்கிவிட்ட ஒரு தேனீ சால்வியாவின் அடியிதழில் அசைவற்று ஒட்டியிருந்தது. வெயில் அதன் மேல் விழுந்த சற்று நேரத்தில் முதலில் உணர்கொம்பு அசைந்தது. பிறகு வயிற்றுப் பகுதி விரிந்து சுருங்கத் தொடங்கியது. சிறகை அடிக்காமலே பறக்கும் தசைகளை நடுக்கி உடலைச் சூடேற்றிக்கொண்டு, ஒருவழியாக எழுந்து பறந்தது. கூட்டுக்குள் ஒன்றையொன்று நெருங்கி, இதே தசை நடுக்கத்தால்தான் அவை புழு வளரும் அடையை 35 டிகிரியை ஒட்டி வைத்திருக்கின்றன. அதற்குத் தேன் செலவாகிறது. செலவான தேனை ஈடுகட்டத்தான் குளிர்காலப் பூ தேவைப்படுகிறது.

எல்லாவற்றையும் மூட வேண்டியதில்லை. ரோஸ்மேரி இந்தப் பனியைத் தாங்கிக்கொண்டு பூக்கிறது. அலிசமும் காலெண்டுலாவும் லேசான பனிக்கு அசைவதில்லை. புதிதாகத் தோட்டம் போடுவோர் இவற்றை முதலில் நட்டு, மென்மையான செடிகளைப் பிறகு சேர்ப்பதே நல்லது. டாலியாவின் மேல்பகுதி கருகினாலும் நம் மண் ஆழமாக உறைவதில்லை என்பதால், கிழங்கின் மேல் சருகு பரப்பி அப்படியே விட்டுவிடலாம். நடவு செய்யும்போது நடுப்பகுதி தெரியும் ஒற்றை அடுக்கு வகைகளைத் தேர்ந்தெடுங்கள், அடுக்கடுக்கான பூக்களில் தேனீக்குக் கிடைப்பது மிகக் குறைவு.

கருகிய கிளைகளை ஜனவரியில் வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வெட்டினால் வரும் புதுத் துளிரை அடுத்த பனி கொன்றுவிடும், தவிரவும் மேலே நிற்கும் காய்ந்த கிளை அடித்தண்டுக்கு ஓரளவு மறைப்பாகிறது. சிறு தனித்தேனீக்கள் சில காய்ந்த தண்டின் நெட்டியைக் குடைந்து உள்ளே தங்குகின்றன. பிப்ரவரி கடைசியில் பனி விலகி அடியில் துளிர் தெரிந்த பிறகே நான் கத்தரியை எடுக்கிறேன். துளையுள்ள தண்டுகளை எரிக்காமல் கட்டாகக் கட்டி, காலை வெயில் படும் வேலியில் சாய்த்து வைக்கிறேன்.