பாட்டாவின் மலையாளப் பத்திரத்தை வாசிக்க யாராவது உதவ முடியுமா?

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு உதவி வேண்டும். எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைப் பக்கம். பரணைச் சுத்தம் செய்தபோது பாட்டாவின் (தாத்தாவின்) பழைய நிலப்பத்திரம் கிடைத்தது, கொல்லம் ஆண்டு 1112 என்று இருக்கிறது, அதாவது 1936 அல்லது 37, நம் ஊர் திருவிதாங்கூரில் இருந்த காலம், அதனால் முழுக்க மலையாளத்தில் கையால் எழுதியிருக்கிறார்கள்.

பாட்டா இரண்டு மொழியும் வாசிப்பார். அப்பா, நம் பகுதி தமிழ்நாட்டோடு (அப்போது சென்னை மாநிலம்) சேர்ந்த 1956 நவம்பர் 1-க்குப் பிறகு பள்ளிக்கூடம் போனவர், தமிழ் மட்டும்தான். எனக்கு மலையாளம் கேட்டால் புரியும் (எல்லாம் சினிமா புண்ணியம்), எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), சக்கை (பலா) எல்லாம் நம் பேச்சில் இன்னும் இருக்கின்றன, ஆனால் அந்த எழுத்து மூன்றே தலைமுறையில் வீட்டைவிட்டுப் போய்விட்டது, யாரும் விரட்டவில்லை, பள்ளியிலும் ஆபீசிலும் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

திருவனந்தபுரத்து நண்பன் ஒருவனிடம் காட்டினேன். 1971-இல் கேரளத்தில் எழுத்தைச் சீர்திருத்திய பிறகு படித்தவன், பழைய கூட்டெழுத்தும் கிறுக்கல் கையெழுத்தும் சேர்ந்ததில் அவனும் திணறிவிட்டான்.

நான்கு எல்லை எழுதிய பகுதிதான் அவசரம். களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் பழைய ஆதாரம் (பத்திரம்) வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், நேரில் கொண்டுவருகிறேன். படத்தை இங்கே பொதுவில் போட மனமில்லை, கேட்பவர்களுக்குத் தனியாக அனுப்புகிறேன்.