ஊட்டி ஓட்டு வீட்டை இடிக்கத்தான் வேண்டுமா?

லவ்டேல்காரன்:
ஃபெர்ன்ஹில் பக்கம் தாத்தா வாங்கிய வீடு. கல் அஸ்திவாரம், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர், மங்களூர் ஓடு, கூடத்தில் கணப்பு. வடக்குச் சுவரில் ஓதம் ஏறி, பூச்சு பொரிந்து விழுகிறது. பார்க்க வந்த ஒப்பந்ததாரர், "சுவர் போச்சு, இடிச்சிட்டு காட்டேஜ் போடுங்க, சீசன்ல அள்ளலாம்" என்கிறார். சித்தப்பாவும் அதற்குத் தலையாட்டுகிறார். எங்கள் தெருவில் இப்படியே ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. எனக்கு மனசே வரவில்லை. காப்பாற்ற வழி உண்டா?

குன்னூர் கொத்தனார்:
தம்பி, அவசரப்படாதீங்க. அந்தச் சுவரில் யாராவது சிமென்ட் பூசினார்களா? சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரம் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று செங்கல்லை அரிக்கும். முதலில் உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். சுவரோரம் மண் மேடேறியிருந்தால் வெட்டித் தள்ளி, தண்ணீர் ஓட வாய்க்கால் விடுங்கள். அப்புறம் சிமென்ட்டைக் கொத்தியெடுத்து, நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்புக் காரையே பூசுங்கள்.

கூரை மரங்களைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். சுவருக்குள் செருகிய நுனிதான் முதலில் மக்கும். அதை மட்டும் வெட்டி ஒட்டுப் போடலாம். 1831இல் திறந்த நம்ம ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்து உத்திரங்கள் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையிலிருந்து வந்தவை. மரம் அவ்வளவு எளிதில் போகாது.

கேத்தி வாசகி:
காட்டேஜ் என்றால் சரிவையும் வெட்டுவார்கள். கட்டடம் 7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று மலைப்பகுதி விதி இருப்பதால், சாலைப் பக்கம் இரண்டு மாடி, பள்ளத்துப் பக்கம் நான்கு மாடி என்று இறக்குகிறார்கள். 2009 நவம்பர் மண்சரிவில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்ததைச் சித்தப்பாவிடம் சொல்லுங்கள். மலை ரயிலுக்கு 2005இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. இந்த வீடுகளுக்கு நம்மை விட்டால் நாதியில்லை.

லவ்டேல்காரன்:
அத்தையிடம் கேட்டேன். முன்பு குடியிருந்தவர்கள் வடக்குச் சுவரில் சிமென்ட் பூசியிருக்கிறார்கள்! அண்ணா, நீங்களே வந்து ஒருமுறை பார்க்க முடியுமா? சித்தப்பாவையும் அன்று வரச் சொல்கிறேன்.