துகள் இடாத குழியிலும் சிக்னல்: ரோபோவில் எங்கே தேடுவது?

மூடுபனி (நுவரெலியா):
டெங்கு ஆர்என்ஏ பிரித்தெடுப்பைக் கையிலிருந்து ரோபோவுக்கு மாற்றுகிறோம். காந்த மணி முறை (ஆர்என்ஏ ஒட்டும் நுண்மணிகளைக் காந்தத்தால் பிடித்துக் கழுவுவது), 96 குழித் தட்டு. நோயாளி மாதிரிக்கு முன், டெங்கு ஆர்என்ஏ துண்டை எம்எஸ்2 என்ற பாக்டீரியா வைரஸின் உறைக்குள் அடைத்த, தொற்றாத போலித் துகள்களை ஓட்டினோம். துகள் இடாத சில குழிகளிலும் பிசிஆர் சிக்னல், சிடி (சிக்னல் தெரியத் தொடங்கும் சுற்று; ஆர்என்ஏ கூடினால் குறையும்) 34–36. இட்ட குழிகளுக்குள்ளேயே 2 சிடி வித்தியாசம். கையால் செய்தால் இரண்டுமே இல்லை.

பேராதனைப் பிசிஆர்:
சதுரங்கத் தட்டு ஓட்டுங்க. 48 குழியில் துகள், 48 குழியில் வெறும் பஃபர், மாறி மாறி. எத்தனை குழி என்பதைவிட எந்தக் குழி என்பதுதான் முக்கியம். எல்லா வெறுங்குழியிலும் ஏறக்குறைய ஒரே சிடி வந்தால் ரியேஜன்ட் கெட்டிருக்கு. டிப் (பிப்பெட் முனைக்குழாய்) கழிவுப்பெட்டிக்குப் போகும் பாதையில் மட்டும் வந்தால் சொட்டுது. அங்கங்கே சிதறி வந்தால் மூடுதாள் உரிக்கும்போது தெறிக்குது. உரிக்குமுன் தட்டை மையவிலக்கியில் 1,000 ஜியில் 1 நிமிடம் சுழற்றுங்க.

ஆர்டி நொதி (ஆர்என்ஏயை டிஎன்ஏ ஆக்குவது) இல்லாத ஓட்டமும் ஒன்று வேணும். அதில் சிக்னல் வந்தால், துகளை வளர்த்த ஈ.கோலையின் பிளாஸ்மிட் (வளைய டிஎன்ஏ) மிச்சம் இருக்கு. துகள் கரைசலுக்கு டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதி தேவை.

மலையக எம்எல்டி:
2 சிடி என்றால் ஆர்என்ஏ அளவில் நாலு மடங்கு. முதல் சந்தேகம் மணிகள் மேல்தான். தொட்டியில் சீக்கிரம் அடியில் படிந்துவிடும், ஒவ்வொரு நிரைக்கும் முன்னால் கலக்கணும். அடுத்தது குளிர். காலையில் 15 பாகைக்குக் கீழே லைசிஸ் பஃபரில் (துகளை உடைக்கும் கரைசல்) உப்பு படியும். 37 பாகையில் தெளியும் வரை சூடாக்கி, உறிஞ்சும் வேகத்தைக் குறைத்து, டிப்பை 2 விநாடி உள்ளேயே நிறுத்துங்க.

உயரத்தையும் விடாதீங்க. அங்கே காற்றழுத்தம் சுமார் 81 கிலோபாஸ்கல். கடல்மட்டத்தில் அளவு சரிசெய்த காற்றுவகைப் பிப்பெட் (இடையிலுள்ள காற்றால் திரவத்தை இழுப்பது) குறைவாகத்தான் எடுக்கும். பெரிய கொள்ளளவுப் பிப்பெட் தலையால் சிறிய அளவு எடுத்தால் பிழை கூடும். 200 மைக்ரோலீற்றர் தண்ணீரைத் தராசில் பத்து முறை நிறுத்துப் பாருங்க, ஒவ்வொன்றும் 0.2 கிராமுக்குப் பக்கத்தில் வரணும்.

மூடுபனி (நுவரெலியா):
நன்றி அண்ணே. தட்டு ஓட்டியாச்சு, சிக்னல் டிப் போகும் பாதையில்தான். 80% எத்தனால் கழுவலில் சொட்டுது.

பேராதனைப் பிசிஆர்:
அப்போ டிப்பை எத்தனாலால் மூன்று முறை முன்நனைச்சு, உறிஞ்சிய பின் 20 மைக்ரோலீற்றர் காற்று இடைவெளி விடுங்க. முன்நனைக்காத டிப்புக்குள் ஆவி விரிஞ்சு திரவத்தை வெளியே தள்ளும். முடிந்தால் கழிவுப்பெட்டியை இடம் மாற்றுங்க, நிறைந்த டிப் திறந்த குழிக்கு மேலாகப் போகவே கூடாது.

உலர்த்தலில் கடிகாரத்தை நம்பாதீங்க. மூடுபனி நாளில் 5 நிமிடம் போதாது. எத்தனால் மிஞ்சினால் பிசிஆர் தடைபடும், மணிப்படலத்தில் வெடிப்பு விழும் அளவுக்கு உலர்ந்தால் ஆர்என்ஏ இறங்காது. மினுமினுப்பு போய் மங்கியதும் எலூஷன் பஃபர் (மணியிலிருந்து ஆர்என்ஏயை இறக்கும் கரைசல்) ஊத்துங்க. பிறகு துகள் குழியையும் வெறுங்குழியையும் இடம் மாற்றி இன்னொரு சதுரங்கத் தட்டு. 48 வெறுங்குழியும் வெறுமையாகவே இருந்தால் நோயாளி மாதிரி ஏத்தலாம்.